காலித் தொட்டியில் எரிந்த விளக்கு

விடியற்காலைப் பஜ்ரு தொழுகை முடிந்ததும் கொல்லைப்புறத்துக் காலிச் சிமெண்டுத் தொட்டியைத் துடைத்துவைப்பது பாகூர் ஆமினா பீவியின் வழக்கம். கல்லூரி ஆய்வுக்காக மகள் இர்பானா முன்பு அதில்தான் ஆகாயத்தாமரை வளர்த்தாள். வேரடிச் சேற்றில் கம்பி புதைத்து, உயிருள்ள செடியிலிருந்து மின்சாரம் எடுத்து, கடுகளவு விளக்கொன்றை எரியவைத்தாள். அவள் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கொசுவுக்கு இதுவே காரணமென்று தாய் செடிகளைப் பிடுங்கி வெயிலில் எறிந்து, சேற்றையும் நீரையும் வெளியே கொட்டினாள். பதறிய தாய் பாம்பெது, பயிரெது என்று பார்ப்பாளா?

"ம்மா, லைட்டு எரியுதா?" என்று கடைசியாகக் கேட்டாள் மகள்.

"எரியுதுடி."

மகளின் உடல் வீடு வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டியில் சேறும் இல்லை, நீரும் இல்லை. நாற்பது நாளாக அப்படியே எரிந்தது.

"இன்னாக்கா, காலித் தொட்டில கரண்டு வருது? எங்க வூட்டு மீட்டருக்கும் கொஞ்சம் சொல்லேன்," என்றாள் பக்கத்து வீட்டுத் தனக்கொடி.

ஆமினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பொய்யை மெய்யாக்க மகள் இன்னும் பாடுபடுகிறாள் என்று பட்டது. ஏரிக்குப் போய், முழங்கால் சேற்றில் இறங்கி, செடிகளைச் சேற்றோடு அள்ளிவந்தாள். கம்பியைச் சேற்றில் புதைத்து, நீர் ஊற்றி, வேர்களை ஒவ்வொன்றாக இறக்கினாள்.

"பொய் சொல்லிட்டேன்டி. புடுங்கிப் போட்டது நான்தான். நீ போய்ப் படுத்துக்கோ, இனிமே நான் பாத்துக்கறேன்."

விளக்கு அணைந்தது. ஆமினா வாடிய இலையொன்றை நிமிர்த்திப் பிடித்தபடி, தொட்டியருகே உட்கார்ந்தாள்.