வீடு பார்க்க வந்த ஆடு

காலை வெயில் கூடத்தில் சதுரமாக விழுகிறது. அதன் நடுவில் ஒரு கருப்பு ஆடு நிற்கிறது. வீட்டை வாங்க வந்த பூபதி, கம்பைநல்லூரிலிருந்து அதைக் கையோடு கூட்டி வந்திருக்கிறார். போன வருஷம் இறந்த என் மனைவி கோகிலா இங்கேயே உலவுகிறாள் என்று அதியமான்கோட்டை முழுக்கப் பேச்சு. தண்ணீர் தெளித்ததும் ஆடு உடம்பை உதறினால், அவள் உத்தரவு கொடுத்ததாக அர்த்தமாம். வீடு விற்றால்தான் நான் ஓசூரில் மகளோடு போய் இருக்க முடியும். தரகர் தீர்த்தகிரி மூன்று முறை தெளித்துவிட்டார். ஆடு அசையாமல் சமையலறையையே பார்க்கிறது. பூபதி ஆட்டைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார். “தண்ணி பத்தலைங்க,” என்று தரகர் சொம்பையே கவிழ்க்கிறார். ஆட்டின் காதிலிருந்து நீர் சொட்டுகிறது. என்னையறியாமல், “விட்டுடு கோகிலா,” என்கிறேன். ஆடு தலையிலிருந்து வால்வரை உதறுகிறது. “பாத்தீங்களா, உத்தரவு குடுத்துட்டாங்க!” என்று தரகர் கைதட்டுகிறார். பூபதி அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார். “வூட்ல யாரும் இல்லீன்னு சொன்னீங்களே, அப்ப உத்தரவு குடுத்தது யாருங்க?” ஆட்டை இழுத்துக்கொண்டு படியிறங்குகிறார். தரகர் பின்னாலேயே ஓடுகிறார். நான் ஈரத் தரையில் நின்று சமையலறைப் பக்கம் பார்க்கிறேன். இருபத்தாறு வருஷத்தில் நான் சொன்னதை அவள் ஒரே தடவையில் கேட்டது இன்றைக்குத்தான்.