பெயரில்லாச் செடி

ஊரார் பெயர் வைத்துக் கூப்பிடும் எந்தச் செடியையும் பிடுங்கக் கூடாது என்பது சட்டம். தங்கபுஷ்பத்தின் ஒன்றரை சென்ட் மனையில், அஸ்திவாரத்துக்குக் கட்டிய கயிற்றின் நட்டநடுவே ஒரு செடி நின்றது. ஊருக்கு ஊர் மாறும் அதன் பெயர் இங்கே என்னவோ என்ற ஆவல் செடிப்பெயர்ப் பதிவாளர் ரூபஸுக்கு.

“இதுக்கு என்னம்மா பேரு?”

“பேரெல்லாம் கெடையாது சார். சும்மா மொளச்சது.”

ரூபஸ் இந்தப் பதிலைப் பல ஊர்களில் கேட்டவர். குனிந்து, வேண்டுமென்றே முழங்கையை இலையில் உரசினார். தீயாய் எரிந்தது.

“ஐயையோ, செந்தட்டி பட்டுட்டா? சொறியாதீய சார்!”

சட்டைப்பையிலிருந்த கருவி அந்தப் பெயரைப் பதிந்துகொண்டு பச்சையாக ஒளிர்ந்தது. தங்கபுஷ்பம் அதைப் பார்த்தாள். எண்ணெய் எடுத்துவந்து அவர் கையில் பதமாகத் தடவிவிட்டாள். அப்புறம்தான் போய் அஸ்திவாரக் கயிற்றை அவிழ்த்தாள்.