மூன்றாவது கட்டில்

மூன்றாவது கட்டிலிலும் ஓரகத்தியின் பெயரைப் பார்த்ததும் பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

சின்னப் பிள்ளைகள் அறையில் ஒன்று, நடு அறையில் ஒன்று, இப்போது பெரிய பெண்கள் அறையிலும் ஒன்று. தலைமாட்டுப் பலகையில், வேறு மூன்று நான்கு பெயர்களுக்கு நடுவே கறுப்புப் பெயின்டில் அதே பெயர். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கூட்டாக வாங்கிக் கொடுத்திருப்பார்கள் போலும்.

வீட்டில் இருக்க வழியில்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இல்லம் அது. புதிய விடுதிக் கட்டடத்துக்கு நிதி திரட்ட இன்று கூட்டம். கீழே ஹாலில் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தவள் சின்னவள்தான். மூன்று மாதமாக நன்கொடை கேட்டுப் படியேறி இறங்கியவளும் அவளே.

"என் சின்ன மருமக கை வச்சா எதுவும் நடக்கும்" என்று மாமியார் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பதினான்கு வருஷம் அந்த வீட்டில் குப்பை கொட்டிய பெரியவளுக்கு அப்படி ஒரு வார்த்தை இதுவரை கிடைத்ததில்லை.

சின்னவள் எது செய்தாலும் இவளுக்கு ஆகாது. காலையில் எழுந்ததும் படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் நான்கு மூலையும் செருகிவிட்டுத்தான் அவள் வெளியே வருவாள். "சின்ன வயசிலேருந்து ஹாஸ்டல்ல படிச்சேன்க்கா, அந்தப் பழக்கம்" என்று சிரிப்பாள். பெரிய இடத்துப் பிள்ளைகள்தானே ஹாஸ்டலில் படிக்கும் என்று பெரியவள் அதற்கும் பொருமியிருக்கிறாள்.

இப்போது மூன்று கட்டில்! அதுவும் வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடாமல்! முழங்கால் வலி என்று மாமியார் கீழேயே உட்கார்ந்துவிட்டது நல்லதாகப் போயிற்று. மாடியேறி வந்து இதைப் பார்த்திருந்தால், அப்புறம் காலத்துக்கும் இதே பாட்டுத்தான்.

"டீ எடுத்துக்கிறீங்களா மேடம்?" என்று வார்டன் வந்து நின்றாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. யாருக்கு யார் என்ன உறவு என்று அவளுக்குத் தெரியாது.

"டீ கிடக்கட்டும். ஒரு கட்டிலுக்கு எவ்வளவு ஆகும்?"

வார்டன் தொகையைச் சொன்னாள். கைப்பையிலிருந்து செக் புத்தகம் வெளியே வந்தது. வாஷிங் மெஷினுக்கென்று ஒதுக்கி வைத்த பணம். போகட்டும், கையால் துவைத்தால் கை என்ன தேய்ந்தா போய்விடும்?

"நாலு கட்டில் என் பொறுப்பு. எழுதிக்கோங்க."

"நாலா!" வார்டன் கைகூப்பினாள். "இப்ப ஒரே கட்டில்ல ரெண்டு ரெண்டு புள்ளைங்க படுக்குதுங்க மேடம். நீங்க நல்லா இருக்கணும்."

பெரியவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"ஆனா ஒண்ணு. நாலு கட்டில்லயும் என் பேரு இருக்கணும். தோ, இந்தப் பேரைவிடப் பெரிய எழுத்துல." மூன்றாவது கட்டிலை நகத்தால் தட்டிக் காட்டினாள்.

வார்டன் தயங்கினாள். "கட்டில்லயா மேடம்? அது முடியாதே..."

"ஏன் முடியாது? இவளுக்கு மட்டும் மூணு கட்டில்ல போட்டிருக்கீங்க! என் பணம் என்ன செல்லாதா?"

கீழே ஹாலில் கைதட்டல் எழுந்து அடங்கியது. வார்டன் அந்தப் பெயரை ஒரு தடவை பார்த்துவிட்டு, சங்கடத்தோடு சொன்னாள்.

"கட்டில்ல பேரு வரணும்னா, சின்ன வயசுல நீங்க இதுல படுத்து வளர்ந்திருக்கணும் மேடம்."