எழுபத்தொரு வீராங்கனைகள்

கல்லூரியின் பெருமை ஆண்டுக்கு ஐம்பது ரூபாய்க்குக் கிடைத்தது. மெய்வல்லுநர் சங்கம் என்ற தடகளச் சங்கத்தின் சந்தா அவ்வளவுதான். பதுளையில் இருந்த அந்தக் கல்லூரியில் ஆறு பேருடன் தொடங்கிய சங்கம் இருபது வருடமாக நொண்டிக்கொண்டிருந்தது. இந்த வருடம் திடீரென்று எழுபத்தொரு மாணவிகள். மைதானத்தில் ஓடுவது மட்டும் மூவர்தான்.

சரக்கே இல்லாத கடையில் கூட்டம் கூடினால் யாருக்கும் சந்தேகம் வரும். கல்லூரி அதிபர் குமாரசிங்கத்துக்கும் வந்தது.

"டீச்சர், உந்தப் பிள்ளையள் ஏன் இதில சேருகினம்?"

"வளர்ச்சிதானே சேர்," என்றார் விளையாட்டு ஆசிரியை தர்மிளா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"வளர்ச்சியோ? இடைவேளையில ஒவ்வொருத்தியா சங்க அறைச் சாவியை வாங்கிக்கொண்டு போகினம். உள்ளுக்க ஃபோன் ஏதும் ஒளிச்சு வச்சிருக்கினமோ? இண்டைக்கே அறையைப் பூட்டுறன்."

வாசலில் நின்ற சங்கத் தலைவி நிஷாலினி பதறினாள். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். "பூட்டிறாதீங்க சேர்."

"அப்ப உள்ளுக்க என்ன இருக்கு? காட்டு."

அறைக்குள் ஈட்டிகளும் தடை தாண்டும் ஓட்டத்துக்கான பழைய மரச்சட்டங்களும் கிடந்தன. மூலையில் ஒரு கதவு. அதிபர் வேகமாகத் திறந்தார். கழிப்பறை.

"இதில என்ன விசேஷம்?"

"இந்தக் கதவுக்கு இந்த வருசந்தாங்க உள்பக்கம் தாழ்ப்பா போட்டாங்க சேர். எங்களுக்கு இருக்கிற மத்த பதினொரு டொய்லட்டுலயும் தாழ்ப்பா இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னு கதவப் புடிக்கணும். பாதிப் பேரு காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கிறதில்ல. சங்கத்துல சேந்தாத்தான் இந்தச் சாவி குடுப்பாங்க."

அந்த வருடத்துச் சங்க அறிக்கையை அதிபரே எழுதினார்: உறுப்பினர் எழுபத்தொருவர், ஓடுபவர் மூவர், தாழ்ப்பாள் ஒன்று, பாக்கி பதினொன்று.