எண்ணி விட்ட சொட்டு

குழந்தை வீறிட்ட வீறலில் வீடே நடுங்கியது.

வயிறு கல்லாக இருந்தது. கால்களை மடக்கி மடக்கி உதைத்தது. பெற்றவள் ஜெயமேரி மடியில் போட்டு எவ்வளவு தடவியும் அடங்கவில்லை.

அவள் அம்மா இன்பமேரி சமையலறை அலமாரியில் கைவிட்டு ஓமத்திரவ பாட்டிலை எடுத்தாள். பால் புகட்டும் சங்கில் ஊற்றினாள். பழக்கத்தில் பாட்டிலைத் திருகி மூடி வைத்துவிட்டு, சங்கைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள்.

"அம்மா, இருங்க. தைலத்தையும் நீங்க ஓமத்திரவ பாட்டல்லதானே ஊத்தி வெச்சீங்க?"

சங்கு அந்தரத்தில் நின்றது.

உண்மைதான். எஸ்டேட்டில் காய்ச்சிய யூக்கலிப்டஸ் தைலம் போன வாரம் வீட்டுக்கு வந்தபோது, கைக்கு அகப்பட்ட காலி பாட்டிலில் ஊற்றி வைத்தது அவள்தான். நாகலூர் மழையின் ஈரத்தில் இரண்டு பாட்டிலின் தாளும் உரிந்து போயிருந்தது. மற்றது ஜன்னல் திண்டில் இருந்தது; காலையில் துடைத்து வைத்தபோது இரண்டும் இடம் மாறியிருக்கலாம். அதே உயரம், அதே கழுத்து. உள்ளே இருந்தது இரண்டிலும் பச்சைத் தண்ணீர்போலத் தெரிந்தது.

ஓமத்திரவம் என்றால் ஒரு ஏப்பத்தோடு வலி போய்விடும். தைலம் என்றால் வலிப்பு வரும், மூச்சு நின்றாலும் நின்றுவிடும். டாக்டரிடம் போக ஏற்காட்டுக்குத்தான் பஸ் ஏற வேண்டும். மழையில் அது வந்தால்தான் வந்தது.

மோந்து பார்க்கலாம் என்றால், ஒரு வாரமாக வீட்டில் சளி. அம்மாவுக்கும் மகளுக்கும் மூக்கு அடைத்துக் கிடந்தது. அறை முழுக்க வேறு அதே தைலத்தின் ஆவி.

அந்த ஆவிச் சட்டி மருமகள் தேவகுமாரியின் பொறுப்பு. சேலத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து இன்னும் ஒரு பண்டிகைகூடக் கழியவில்லை. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. கேட்டால்தான் பேசுவாள். வெந்நீர்ச் சட்டியைத் தொட்டிலுக்கு எட்டாத மூலையில் வைப்பாள். ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து விடுவாள். தைலத்தைப் பஞ்சில் நனைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணி விடுவாள்.

மத்தவங்க மணத்தைப் பார்த்து ஊத்துவாங்க, எங்க அண்ணி கம்பவுண்டராட்டம் எண்ணி ஊத்தும் என்று ஜெயமேரி கிண்டல் செய்வாள். தேவகுமாரி சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

இன்பமேரி கதவோரம் நின்றவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்கொண்ணுதான் சளியில்லை. எது எதுன்னு மோந்து பார்த்துச் சொல்லு கண்ணு."

ஜெயமேரி ஜன்னல் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். தேவகுமாரி அதை மூக்கருகே பிடித்தாள். கீழே வைத்தாள். மாமியார் ஊற்றிய பாட்டிலை எடுத்து அதையும் மூக்கருகே பிடித்தாள்.

குழந்தையின் அழுகை இப்போது சத்தமில்லாமல் போனது. வாய் மட்டும் திறந்திருந்தது. முகம் கறுத்தது.

எது என்று மாமியார் கேட்டாள். எது அண்ணி என்று ஜெயமேரி கேட்டாள்.

ஏதோ ஒன்றைக் கைகாட்டினால் போதும். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும்.

"ஒரு டம்ளர் தண்ணி வேணுங்க அத்தை."

"எம்புள்ள துடிக்குது, உங்களுக்குத் தாகமா?" என்றாள் ஜெயமேரி.

தேவகுமாரி சமையலறைக்குப் போனாள். விருந்தாளிக்கு எடுக்கும் கண்ணாடி டம்ளரில் தானே தண்ணீர் மொண்டு வந்தாள். ஜன்னல் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். தண்ணீரோடு தண்ணீராகப் போனது.

மாமியாரின் பாட்டிலைத் திருகித் திறந்து ஒரு சொட்டு விட்டாள்.

அது கரையவில்லை. வட்டமாக மிதந்தது, மீன் கண் மாதிரி.

இன்பமேரி டம்ளரைப் பார்த்தாள். தன் கையில் இருந்த சங்கைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு கொல்லைக்கு ஓடி அதைக் கொட்டினாள். சாம்பல் போட்டுச் சங்கைத் தேய்த்துக் கழுவி வந்து, மற்ற பாட்டிலிலிருந்து ஊற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் குழந்தை பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது. பிறகு கண் சொக்கியது.

ஜெயமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மோந்ததுமே சொல்லியிருக்கலாமே, எதற்கு இந்தக் காலேஜ் வித்தை என்றாள். பாப்பா விஷயத்தில் மூக்கை நம்பக் கூடாது என்று தேவகுமாரி மெதுவாகச் சொல்லிவிட்டு, டம்ளரைக் கழுவச் சமையலறைக்குப் போனாள்.

பின்னாலேயே இன்பமேரி வந்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டாவது பாட்டலை நீ மூடியோட மோந்தே கண்ணு."

தேவகுமாரியின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது.

பன்னிரண்டாவது படிக்கும்போது வந்த டைபாய்டு போகும்போது மோப்ப சக்தியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. அன்றுமுதல் மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றுதான். தாலி கட்டியவருக்கும் தெரியாது. குறையை மறைத்துத் தலையில் கட்டிவிட்டார்கள் என்ற பேச்சு ஒன்று போதும், அவளுடைய டிரங்குப் பெட்டி நாளைக்கே சேலம் பஸ் ஏறிவிடும்.

இன்பமேரி தையல் டப்பாவிலிருந்து சிவப்பு நூல் எடுத்தாள். தைல பாட்டிலின் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டு, பல்லால் அறுத்தாள்.

"ஜெயாகிட்ட மட்டும் சொல்லீராதே. அவளுக்கு வாய் சும்மா இருக்காது."

பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில் வைத்தவள், ஏதோ நினைவு வந்தவளாகக் குனிந்தாள். அடுப்படியிலிருந்த மண்ணெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து, அதற்கும் ஒரு நூல் கட்டினாள்.