ஏரிக்கு ஒரு நாள்

நகரத்து ஏரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆசைப்பட்டது ஓர் அப்பா கூழைக்கடா.

"நாளைக்கே போகலாமே," என்றது அம்மா.

"சின்னப் பிள்ளைங்க. முதல்ல நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

முதல் நாள் தண்ணீர் ஆழமாகத் தெரிந்தது. மறுநாள் படகுச் சத்தம் அதிகம். அடுத்து வந்த நாட்களில் எங்கே நிழல், எங்கே மீன் என்று தேடியது. கூட்டில் இரண்டு குஞ்சுகளும் இறக்கை அடித்துப் பழகிக்கொண்டிருந்தன.

கடைசியில் மேற்குக் கரையில் ஒரு நாணல் திட்டு கிடைத்தது. ஆழமில்லை, மீனும் நிறைய. சந்தோஷமாகத் திரும்பியபோது கூட்டில் அம்மா மட்டும் இருந்தது.

"பக்கத்து மரத்துப் பசங்களோட ஏரிக்குப் பறந்துட்டாங்க. நீங்க வர்ற வரைக்கும் இருங்கன்னு சொன்னேன், கேக்கல."

அப்பா மறுபடியும் ஏரிக்குப் போனது. நடு ஏரியில் படகுகளுக்கு நடுவே இரண்டும் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"மேற்கே ஒரு நல்ல இடம் பார்த்து வச்சிருக்கேன்ப்பா," என்றது அப்பா.

"அப்புறமா வர்றோம்ப்பா," என்று சொல்லிவிட்டுச் சின்னது நண்பர்களின் பின்னால் நீந்திப் போனது.

அப்பா நாணல் திட்டுக்கு வந்து, இன்னும் மூன்று பேருக்கு இடம் விட்டு, ஓரமாக உட்கார்ந்துகொண்டது.