டப்பா சத்தம்

ஓசையில்லாத பேட்டரி ஆட்டோவை வாங்கிவிட்டு, அதன் பின்னால் ஒரு பால் பவுடர் டப்பாவில் நட்டு போல்ட்டைப் போட்டுக் கட்டித் தொங்கவிடுகிறவனை என்னவென்று சொல்வது?

கொழுப்பு என்றுதான் ஜெயலட்சுமி சொன்னாள்.

இருங்காட்டுக்கோட்டையில் அது ஒரு லைன் வீடு. எதிரும் புதிருமாக அறைகள், நடுவில் ஓர் ஆட்டோ நுழைகிற அளவுக்குச் சந்து. கடைசி அறை சுபாஷுடையது. காலை ஷிப்டு ஆட்களைக் கம்பெனி வாசல்களில் இறக்கிவிட்டு வந்து வண்டியைச் சார்ஜில் போடுவான். பத்து மணிக்கு மேல் மறுபடி கிளம்புவான். உள்ளே திருப்ப இடமில்லாததால் சந்து முழுக்க ரிவர்ஸ்தான். அப்போதுதான் அந்தக் கடகட.

ஜெயலட்சுமிக்கு அது நடுச்சாமம் மாதிரி. கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் அவளுக்கு நைட் ஷிப்டு. காலையில் வந்ததும் வேலைக்குக் கிளம்பி நிற்கும் கணவன் வசந்திடமிருந்து மகள் மதியை வாங்கிக்கொள்வாள். இரண்டரை வயசு. எதையாவது ஊட்டி, பக்கத்தில் போட்டுத் தட்டிக்கொண்டே தானும் கண்ணை மூடுவாள். ஆஸ்பெஸ்டாஸ் சூட்டில் கதவைச் சாத்திப் படுக்க முடியாது. வாசலில் தொங்கும் திரைத்துணி சத்தத்தையா தடுக்கும்? தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். அதற்குப் பிறகு அரைத் தூக்கம்தான்.

போன வாரம் கம்பெனி லைனில் நின்றபடியே கண் அசந்துவிட்டாள். இன்னொரு தடவை பார்த்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வீட்டில் வசந்த் வேறு. குழந்தைக்கு ஒரு குறையும் வராது என்றால்தான் நைட் ஷிப்டு, வந்தால் அன்றைக்கே வேலையை விட்டுவிட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசியிருந்தான். பேச்சா அது? லைன் வீடு முழுக்கக் கேட்டது.

சுபாஷ் எதற்காக டப்பா கட்டினான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவனுடைய சார்ஜ் ஒயர் அவள் வாசல் வழியாகப் போனது. குழந்தை இருக்கிற வீடு என்று ஹவுஸ் ஓனரிடம் சொல்லி மாற்ற வைத்தாள். அந்த வன்மம்தான். சந்து முனைக்குப் போனதும் இறங்கி, டப்பாவைக் கழற்றி சீட்டுக்கடியில் போட்டுக்கொள்வதை அவளே ஒருநாள் கடையிலிருந்து வரும்போது பார்த்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹவுஸ் ஓனர் புருஷோத்தமன் வாடகைக்கு வந்தபோது பிடித்துக்கொண்டாள். அவர் ஆட்டோவின் பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"இன்னா தம்பி, சத்தமே வராத வண்டின்னு ஊரெல்லாம் பீத்திக்கினு இருந்தே. இப்ப அதுக்குக் கொலுசு போட்டு வுட்டுகீறே?"

சுபாஷ் சிரித்தான்.

"ஒயர் சண்டைய மனசுல வெச்சிக்கினு என்னைத் தூங்கவுடாம பண்றாண்ணே. ரோடு வந்தா கழட்டிடறான். எங்க சந்துக்கு மட்டும் இன்னாத்துக்கு இந்தக் கச்சேரி?"

"ஒயருக்காக இல்லக்கா."

"வேற எதுக்கு? சொல்லேன், கேக்கறேன்."

சுபாஷ் அவளைப் பார்த்தான். அவள் இடுப்பிலிருந்த மதியைப் பார்த்தான். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற வசந்தைப் பார்த்தான்.

"சும்மாதாங்க்கா" என்றான்.

சும்மா கட்டியதென்றால் சும்மா அவிழ்த்துவிடு, இல்லை வேறு வீடு பார்த்துக்கொள் என்று புருஷோத்தமன் முடித்துவிட்டார். சுபாஷ் டப்பாவை அவிழ்த்து அவள் கையிலேயே கொடுத்தான். அவள் அதைக் கொண்டுபோய் அலமாரி மேல் வைத்தாள்.

மறுநாள் காலை நிம்மதியாகப் படுத்தாள். அடித்துப் போட்டது மாதிரி தூக்கம். ஆனால் அந்த நேரம் வந்ததும் கண் தானாக விழித்துக்கொண்டது. காது சத்தத்துக்குக் காத்திருந்தது. சத்தம் வரவில்லை. வராதது இன்னும் தொந்தரவாக இருந்தது.

மதியை அணைத்துக்கொண்டு தூங்கலாம் என்று கையை நீட்டினாள். பாய்தான் தட்டுப்பட்டது.

திரைத்துணியை விலக்கினாள்.

ஆட்டோ பாதிச் சந்தில் நின்றிருந்தது. அதன் பின்னால் நாலடி தூரத்தில், நட்டநடுவில், மதி குந்தி உட்கார்ந்து ஒரு பாட்டில் மூடியில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் சுபாஷ் குந்தியிருந்தான். கூப்பிட வாயெடுத்த ஜெயலட்சுமி திரைத்துணியைப் பிடித்தபடி நின்றாள்.

சுபாஷ் ரகசியம் மாதிரி பேசினான். "ஒதுங்கிக்கோடா பாப்பா. மாமா போவணும்."

மதி வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். "டப்பா?"

"டப்பா இன்னிக்கு இல்லடா."

மதி மறுபடி மண்ணை அள்ளினாள்.

சுபாஷ் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான். வாயைக் கையால் பாதி மறைத்து, மெல்ல, மிக மெல்ல, "கடகட கடகட கடகட" என்றான்.

மதி சட்டென்று எழுந்தாள். ஓடிப்போய், தினமும் செய்து பழகியவள் போல, இரண்டு கையையும் விரித்துச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டாள்.

வண்டியில் ஏறத் திரும்பிய சுபாஷ் அப்போதுதான் ஜெயலட்சுமியைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எழுப்பிட்டனாக்கா?"